பெட்டி சூடாகும் வரை

"பெட்டி சூடாகட்டும், நீங்க போய் சாப்பிட்டு வாங்க" என்று மற்றவர்களை அனுப்பிவிட்டுக் கோதண்டம் மேடையிலேயே உட்கார்ந்துகொண்டான். அவர்களும் மறுபேச்சில்லாமல் பிரியாணிப் பொட்டலத்தைத் தேடிக்கொண்டு வகுப்பறைக் கட்டடத்துப் பக்கம் போனார்கள். தாம்பரத்தைத் தாண்டி, வயல்களைப் பிளாட் போட்டது போக மிச்சமிருந்த இடத்தில் எழுப்பிய பொறியியல் கல்லூரி. ஆண்டு விழாவுக்காக விளையாட்டு மைதானத்தில் தகரக் கூரை போட்ட மேடை. சாயங்கால வெயில் சரியாக முகத்தைப் பார்த்து அடித்தது. சவுண்ட் செக் பாதியில் இருக்கும்போது ஜெனரேட்டரை மாற்றுகிறேன் என்று யாரோ கரண்டை நிறுத்திவிட்டார்கள். கிடாருக்கும் டிரம்ஸுக்கும் அதனால் ஒன்றும் இல்லை, பெட்டிதான் ஆறிப்போனது. இனி அது முதலிலிருந்து சூடாக வேண்டும். ஐம்பத்துநாலு வயதில் கறுப்பு டி-ஷர்ட் போட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியில், ஒரு யந்திரத்துக்கு ஜுரம் வரட்டும் என்று காத்துக்கொண்டிருக்கிற மனிதனைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும். அவனுக்கே முன்பெல்லாம் வரும். இன்று வரவில்லை. கொஞ்ச காலமாகவே எதுவும் வருவதில்லை.

பெட்டி என்று இந்தக் குழுவில் எல்லாரும் சொல்வது எழுபதுகளில் செய்த அந்தப் பழைய சிந்தசைசரைத்தான். இரண்டு பக்கமும் தேக்குப் பலகை, நடுவே கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டைகள், மேலே வரிசை வரிசையாகக் குமிழ்கள். இப்போது வருகிற கீபோர்டுகளைப் போல உள்ளே கம்ப்யூட்டர் கிடையாது, நேற்று வாசித்த ஒலியை இன்றைக்கு ஞாபகம் வைத்துக்கொள்ளாது. உள்ளே சூடு பிடிக்கிறவரை அதன் சுருதி ஓரிடத்தில் நிற்காது, கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். சூடு பிடித்த பிறகு நிற்கும். நின்ற பிறகு யாராவது ஒருவர் காதால் கேட்டு, இடது மூலையில் இருக்கிற சுருதிக் குமிழை மயிரிழை திருப்பி, கிடாரோடும் பேஸோடும் சேர்க்க வேண்டும். அந்த யாராவது ஒருவர் எப்போதும் கோதண்டம்தான். விரல் நீளத்தில் சுருதி மீட்டர் விற்கிறது, பச்சை விளக்கு எரிந்தால் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம், எட்டு வயதுப் பிள்ளைகூடச் செய்துவிடும். அதை அவன் தொடமாட்டான். மீட்டர் பார்த்துச் சுருதி சேர்க்கிறவன் கண்ணாடி மாட்டிக்கொண்டு தூங்குகிறவன் மாதிரி என்று ஒரு பேட்டியில்கூடச் சொல்லியிருக்கிறான். அந்த வாய்க்கு என்ன வந்தது என்று இப்போது தோன்றுகிறது. தீப்பெட்டியை எடுத்தான். ஒரு குச்சியை இரண்டு கட்டைகளுக்கு நடுவே சொருகினான். அமுங்கிய கட்டை அமுங்கியபடி நின்றது, ஒரே சுரம் ஹெட்போனில் ஓடத் தொடங்கியது. அவன் எப்போதும் செய்கிற வேலை இது. சுரம் ஓடும், அவன் கேட்டுக்கொண்டிருப்பான், அது எப்போது நிற்கிறது என்று அவனுக்குத் தெரியும். தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தான்.

சுரம் கொஞ்சம் ஏறியது. ஏறியதா? ஹெட்போனின் வலது பக்கத்தைத் தள்ளிவிட்டு இடது காதில் மட்டும் கேட்டான், ஏறவில்லை போலிருந்தது. இடதைத் தள்ளிவிட்டு வலதில் கேட்டான், அங்கே அதே சுரம் அரைக் கட்டை மேலே குடியிருந்தது. டாக்டர் இதைத்தான் சொன்னார். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டா பட்டனை அமுக்குங்க சார் என்று ஒரு பெண் சொன்னாள். அவன் அமுக்கினான். சத்தம் இல்லாதபோதும் அமுக்கினான், விட்டுவிடுவோமோ என்கிற பயத்தில். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்து அமுக்கினான், பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுகிற மாதிரி. அவள் அதைக் கண்டுபிடித்துத் திரும்பி உட்காரச் சொன்னாள். வலது காது ரொம்பப் போயிடுச்சு, இடதும் கூடவே கிளம்பியிருக்கு என்றார் டாக்டர். ஒரே சத்தம் ரெண்டு காதுலயும் வேற வேற மாதிரி கேக்கும் சார், என்ன வேலை பாக்கறீங்க? கம்பெனியில் கணக்கு என்று சொன்னான் கோதண்டம். ஏன் அப்படிச் சொன்னான் என்று தெரியவில்லை. கணக்கு எழுதுகிறவனுக்கு இது ஒரு பெரிய விஷயமில்லை என்று டாக்டரும் நிம்மதியாகச் சிரித்தார். வெளியே வந்து ஆட்டோவில் ஏறியபோது, சரி, எந்தக் காது பொய் சொல்கிறது என்று எந்தக் காதை வைத்துக் கேட்பது என்று நினைத்தான். அன்றைக்கு அழுகை வரும் என்று காத்திருந்தான், வரவில்லை. பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்ட ஈறு மாதிரி, இருக்கிறது, தொட்டால் தெரியவில்லை. வீட்டில் மனைவி வசுமதியிடம் மூக்கடைப்பு, சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார் என்றான். அவளும் சரி என்றாள்.

ஆனால் டாக்டர் சொன்னது தப்பு. தப்பு என்பதற்கு அவனிடம் சாட்சி இருந்தது, அந்தச் சாட்சியைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை மாதமாக நடமாடுகிறான். டாக்டரிடம் போவதற்குக் கொஞ்சம் முன்பு கோயம்புத்தூரில் நடந்ததுதான் கெட்ட கனவு. அவன் மட்டும் தனியாக வாசித்துத் தொடங்குகிற பாட்டு. வாசித்தான். அருமையாக வந்தது. பிறகு பரிதி பாட வந்தான், இருபத்தெட்டு வயது, அபஸ்வரம் என்றால் என்னவென்றே தெரியாத தொண்டை. அந்தத் தொண்டை தடுமாறியது. கிடார் ஒரு பக்கம், பெட்டி ஒரு பக்கம். இவர்களுக்கு என்ன ஆயிற்று என்று கோதண்டம் எல்லாரையும் முறைத்தான், முன்வரிசையில் ஒரு பெண் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. பாட்டு முடிந்ததும் பெட்டி வெயில்ல விலகிடுச்சு என்றான். ஆமா ஆமா, பெட்டிதான் என்றார்கள் எல்லாரும், கொஞ்சம் வேகமாகவே. அதற்குப் பிறகுதான் பிலோ பெட்டியைத் தன் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்ப் பழுது பார்த்துக் கொண்டுவந்தாள். பிலோமினா, பேஸ் கிடார் வாசிக்கிறவள், ஷண்டிங் என்கிற இந்தக் குழுவை அவன் பெரம்பூரில் தொடங்கியபோது கல்லூரியைக்கூட முடிக்காதவள், இப்போது அவளுக்கே பள்ளிக்கூடம் போகிற மகன். உள்ள ஒரு கண்டென்சர் போயிருந்துச்சாம்ண்ணா, மாத்தியாச்சு, இனிமே நிக்கும் என்றாள். நின்றது. அதற்குப் பிறகு ஒவ்வொரு கச்சேரியிலும் அவன் காதால் கேட்டு, குமிழைத் திருப்பி, சுருதி சேர்த்தான். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. காது போயிருந்தால் எப்படிச் சேரும்? ஆகவே தப்பு பெட்டியில்தான் இருந்தது, காதில் இல்லை. இதை அவன் தினமும் ஒரு தடவையாவது தனக்குச் சொல்லிக்கொள்வான், பல் தேய்க்கும்போது, பஸ் நிறுத்தத்தில். சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்கும். பெட்டியா காதா, பெட்டி. பெட்டியா காதா, பெட்டி.

கீழே மைதானத்தில் மஞ்சள் அட்டை மாட்டிய மாணவர்கள் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஹெட்போன் வழியாகவும் அந்த இழுவை பல்லில் கூசியது. டீசல் வாடை வந்தது. சவுண்ட் செக்கின்போது கல்லூரிக் கரஸ்பாண்டெண்டின் மச்சான் ஒருவர், வெள்ளை வேட்டி, சந்தனப் பொட்டு, பேஸ் பத்தலையே தம்பி, நெஞ்சுல இடிக்கணும் என்று ஒலிபெருக்கிக்காரனிடம் போய் நின்றார். அவன் மரியாதையாக எழுந்து நின்று எதையோ திருப்பினான். ஆங், இப்ப இடிக்குது பாரு என்று போய்விட்டார். கோதண்டத்துக்கு அப்போதே விஷயம் புரிந்தது. கோடம்பாக்கத்தில் விளம்பரப் பாட்டு எடுக்கிற ஸ்டூடியோவில் அவன் வேலை பார்த்த காலத்தில் இது அன்றாடம் நடக்கும். இன்ஜினியர் சம்பந்தம் தன் மேஜையில் ஒரு குமிழை ஒன்றோடும் சேர்க்காமல் விட்டு வைத்திருந்தார். பெயர் ஓனர் நாப், முதலாளிக் குமிழ். ஊதுவத்திக் கம்பெனி முதலாளி வருவார், இனிப்பு கம்மியா இருக்கே என்பார். நீங்களே திருப்புங்க சார், உங்க காதுக்குத்தான் தெரியும் என்பார் சம்பந்தம். முதலாளி கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப ஜாக்கிரதையாகத் திருப்புவார், கொஞ்சம் அந்தப் பக்கம், கொஞ்சம் இந்தப் பக்கம். இப்ப சரியா சார்? இப்ப சரி. அவர் கார் கிளம்பியதும் டீக்கடையில் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். ஒரு நாள் ஓனர் நாப்பின் தலை உடைந்துபோய், புதிதாக ஒன்றை மாட்டியதே கோதண்டம்தான். நல்ல கனமான குமிழாகப் பார்த்து மாட்டினான். திருப்பும்போது கையில் எடை தெரிந்தால் காதுக்கும் தெரியும் என்று சம்பந்தம் சொல்லிக்கொடுத்திருந்தார்.

சுரம் நின்றுவிட்டது போலிருந்தது. தேக்குப் பலகையில் கையை வைத்தான், நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல. சூடு ஏறியிருந்தது. சுருதிக் குமிழை இரண்டு விரலால் பிடித்து மயிரிழை வலப்பக்கம் திருப்பினான். கொஞ்சம் அதிகம். திரும்ப மயிரிழை இடப்பக்கம். வந்து உட்கார்ந்தது. கேட்கிறதே, அழகாகக் கேட்கிறதே, யாருடைய காது போயிற்று? மைதானத்துப் புழுதி குமிழ்களின் மேலெல்லாம் படிந்திருந்தது. பையிலிருந்து பழைய பனியன் துணியை எடுத்துத் துடைக்கத் தொடங்கினான். மனசு வேறெங்கோ இருந்தது, வசுமதி கொஞ்ச காலமாக அவனுக்கு இடது பக்கமாகவே நடக்கிறாள் என்பதில், சாப்பாட்டு மேஜையில்கூட நாற்காலியை மாற்றிக்கொண்டாள் என்பதில், மின்விசிறிக் காற்று அங்கேதான் வருகிறது என்றாளே என்பதில். துணி சுருதிக் குமிழில் சிக்கியது. இழுத்தான். குமிழ் சரசரவென்று கடைசிவரை சுற்றிப் போய் முட்டி நின்றது. அடச்சே, சேர்த்ததெல்லாம் போச்சு என்று நினைத்த பிறகுதான் காதுக்கு உறைத்தது. சுரம் அசையவில்லை.

தீக்குச்சி இருக்கிறதா என்று பார்த்தான், இருந்தது. கட்டை அமுங்கியிருந்தது. குமிழைப் பிடித்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் திருப்பினான். அவ்வளவு தூரம் திருப்பினால் சுருதி ஒரு கட்டைக்கு மேல் இறங்க வேண்டும், பாதிச் செவிடனுக்குக்கூட அது தெரியும். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி இந்தப் பக்கம். இடது காதில் கேட்டான், வலதில் கேட்டான். இரண்டு காதும் இத்தனை மாதத்தில் முதல் தடவையாக ஒரு விஷயத்தில் ஒத்துப்போயின. சுரம் அதன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. குமிழ் மட்டும் நல்ல கனத்தோடு சுழன்றது. இவ்வளவு நேரமும், கொஞ்சம் அதிகம், கொஞ்சம் குறைச்சல், வந்து உட்கார்ந்தது என்று அவன் கேட்டதெல்லாம் என்ன? இத்தனை மாதம், இத்தனை மேடை, கேட்டதெல்லாம் என்ன? ஊதுவத்தி முதலாளியின் மூடிய கண்கள் ஞாபகத்துக்கு வந்தன. அந்த மனிதர் பொய் சொல்லவில்லை, அவருக்கு நிஜமாகவே கேட்டிருக்கிறது என்று இப்போது புரிந்தது.

எழுந்து பெட்டியின் பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தான். கேபிள் சொருகுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டை, புதிதாகத் துளைத்தது, உள்ளே ஒரு திருகாணித் தலை. ஓட்டையைச் சுற்றித் திருப்புளி பட்டுப் பட்டுக் கீறல். பழுது பார்க்கப் போன இடத்தில் முன்னாலிருந்த குமிழின் இணைப்பை வெட்டிவிட்டுச் சுருதியைப் பின்பக்கத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். ஒவ்வொரு கச்சேரிக்கும் முன்னால் பிலோ கேபிள் பார்க்கிறேன் என்று சின்ன டார்ச்சோடு பின்னால் போய்க் குந்துவாள். கரகரங்குதா பாக்கணும், அந்த நடுக்கட்டையை மட்டும் அமுக்கிப் புடிண்ணா என்பாள். அவன் பிடிப்பான். அந்த நேரத்தில் சுரம் லேசாக நகர்கிற மாதிரி இருக்கும், காது விளையாட்டு காட்டுகிறது என்று பயந்து வாயைத் திறக்காமல் இருப்பான். நகர்ந்தது நிஜம். அவள் கையில் டார்ச் மட்டும் இருந்திருக்காது, அந்தப் பச்சை விளக்கு மீட்டரும் இருந்திருக்கும். மேடையில் அவனுக்கு வலது பக்கம் நின்று வாசித்தவள் கோயம்புத்தூருக்குப் பிறகு இடது பக்கம் வந்துவிட்டாள், ஆம்ப்ளிஃபயர் வயர் எட்டவில்லை என்று. பரிதிக்குத் தெரியும். டிரம்ஸ் வாசிக்கிற சாதிக்குக்கும் தெரிந்திருக்கும். வசுமதிக்கும். எல்லாருக்கும் தெரிந்த ரகசியத்தை அவன் ஒருவன் காபந்து பண்ணிக்கொண்டு திரிந்திருக்கிறான்.

திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். கோபம் வரும் என்று எதிர்பார்த்தான், இடம் விட்டுக்கூடக் காத்திருந்தான். வரவில்லை. அவமானம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. எழுந்து பெட்டியை மூடி, வேனில் ஏற்றி, போதும் என்று சொல்லலாம். போதும் என்றால் அவர்கள் என்ன சொல்வார்கள்? ஏண்ணா என்பார்கள். அவன் காரணம் சொல்ல வேண்டும், அவர்கள் தெரியாததுபோல நடிக்க வேண்டும், இல்லாவிட்டால் தெரியும் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். பிலோ அழுவாள். நல்ல பெண்தான், ஆனாலும் விட்டால் போதும் என்று அவளுக்கும் உள்ளுக்குள் இருக்கும். அதன் பிறகு அவன் வீட்டில் இருப்பான், மின்விசிறிக்குக் கீழே, எந்தக் காதும் எதையும் சேர்க்க வேண்டாம். அந்த வீட்டை நினைத்தபோதுதான் தெரிந்தது. அவனுக்கு வாசிக்க வேண்டும். பெட்டி உறும, தரை அதிர, உள்ளங்கால் வழியாக அது ஏறி வர வேண்டும், காதே இல்லாவிட்டாலும் உள்ளங்கால் இருக்கிறது. மற்றதெல்லாம் மரத்துப்போயிருந்தது, இந்த ஆசை மட்டும் வெட்கமில்லாமல் விழித்துக்கொண்டு கிடந்தது. அவர்கள் இத்தனை மாதம் முதுகுக்குப் பின்னால் குந்தியிருந்து காப்பாற்றியதும் இந்த ஆசையைத்தான். குமிழ் கடைசியில் முட்டி நின்றபடியே இருந்தது. அதைத் திருப்பிக் கொண்டுவந்து, வழக்கமாக நிற்கிற இடத்தில் நேராக நிறுத்தினான். யார் பார்த்தாலும் சந்தேகம் வராது.

பிலோ படியேறி வந்தாள், ஒரு கையில் அவனுக்குப் பிரியாணிப் பொட்டலம், ஜீன்ஸ் பையில் டார்ச் துருத்திக்கொண்டிருந்தது. இடது பக்கமாகவே சுற்றி வந்து நின்றாள்.

"சாப்பிடலையாண்ணா? ஆறிடும்."

"அப்புறம் சாப்பிடறேன். பெட்டி சூடாயிடுச்சு."

"ட்யூன் பண்ணிட்டியா?"

இல்லை என்று தலையாட்டினான். குமிழில் விரலை வைத்தான். கண்ணை மூடினான், அவள் தன் விரலையே பார்த்துக்கொண்டிருப்பாள் என்று தெரிந்தது. மயிரிழை வலப்பக்கம். கொஞ்சம் இடப்பக்கம். அவசரப்படாமல் திருப்பினான், குமிழின் கனம் கைக்கு இதமாகக்கூட இருந்தது. நல்ல குமிழாகத்தான் பார்த்து விட்டு வைத்திருக்கிறார்கள்.

"இப்ப சரியாண்ணா?" என்றாள் பிலோ.

"இப்ப சரி" என்றான்.

அவள் மூச்சு விட்டது அவனுக்குக் கேட்கவில்லை, தோள் இறங்கியது தெரிந்தது. "சரி, நான் ஒரு வாட்டி கேபிள் பாத்துடறேன்" என்று பின்பக்கம் நகர்ந்தாள். இவ்வளவு நாள் அவள் அந்த நாற்காலிக்கும் பெட்டிக்கும் நடுவே உடம்பை ஒடுக்கிக்கொண்டுதான் நுழைவாள். கோதண்டம் எழுந்து நாற்காலியை ஒரு பக்கமாக இழுத்துப் போட்டான். பெட்டியின் முனையைப் பிடித்து, வெயில் பின்பக்கம் விழுகிற மாதிரி கொஞ்சம் திருப்பியும் வைத்தான். அவள் குந்தியபடியே நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"அங்க வெளிச்சம் பத்தாது" என்றான். "மெதுவா பாரு. அவசரம் ஒண்ணுமில்ல."

அவள் பெட்டியின் பின்பக்கமாகக் குனிந்துகொண்டாள். வழக்கமான குரலில் சொல்லப் பார்த்து, "அந்த நடுக்கட்டையை அமுக்கிப் புடிண்ணா" என்றாள். கோதண்டம் தீக்குச்சியை உருவி எறிந்துவிட்டு நடுக்கட்டையை அமுக்கினான். மைதானத்தில் நாற்காலிகள் நிறையத் தொடங்கியிருந்தன, அவன் அந்தப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டான். விரலுக்கு அடியில் சுரம் மெல்ல நகர்ந்தது. எங்கே போகிறது என்று அவன் கேட்கப் பார்க்கவில்லை. போதும்ண்ணா என்று அவள் சொல்கிறவரைக்கும் விரலை எடுக்கவில்லை.